மூடி வைத்த லேப்டாப் உண்மையிலேயே தூங்குகிறதா?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆபீஸ் வேலை பாதியில் இருக்கும்போதே லேப்டாப்பை மூடிப் பையில் திணித்துக்கொண்டு கிளாம்பாக்கத்தில் தென்காசி பஸ் ஏறினேன். மூடும்போது பேட்டரி 90 சதவீதத்துக்கு மேல் இருந்தது. காலையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பையைத் திறந்தால், இஸ்திரிப் பெட்டியை அணைத்துக் கால் மணி நேரம் கழித்துத் தொட்டது போல ஒரு சூடு. பேட்டரி 11 சதவீதம். அக்கா மகளுக்கு வாங்கி லேப்டாப்புக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருந்த சாக்லேட், உறைக்குள் கூழாகிக் கிடந்தது. ராத்திரி முழுக்க நான் தூங்கினேன், லேப்டாப் தூங்கவில்லை.

லேப்டாப்பை மூடினால் தூங்கிவிடும், ஷட் டவுன் கொடுத்தால் அணைந்துவிடும், ரிமோட்டில் டிவியை அணைத்தால் அதற்கப்புறம் கரண்ட் ஓடாது. நம் எல்லாருக்கும் இந்த மூன்று நம்பிக்கைகளும் உண்டு. மூன்றுமே முக்கால்வாசி சரிதான். மீதிக் கால்வாசியில்தான் என் சாக்லேட் உருகியது. அதைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: கணினி எதை மறக்கக் கூடாது, அதற்கு யார் காவல்?

ஒழுகும் குடங்கள்

கணினியில் தகவல் தங்குகிற இடங்கள் இரண்டு. ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி ஒன்று. அங்கே எழுதியது கரண்ட் போனாலும் இருக்கும். இன்னொன்று ரேம். நீங்கள் திறந்து வைத்திருக்கிற வேர்ட் ஃபைல், பிரவுசரில் அடுக்கி வைத்த நாற்பது டேப், பாதி தட்டச்சு செய்த கடிதம், எல்லாம் அந்த நேரத்தில் உயிரோடு இருப்பது ரேமில்தான்.

ரேமில் ஒவ்வொரு பிட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கெப்பாசிட்டர். அதில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. 8 ஜிபி ரேம் என்றால் இப்படி ஏறக்குறைய 6,870 கோடி கெப்பாசிட்டர்கள். ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை என்னவென்றால் அத்தனையும் ஓட்டைக் குடம். நிரப்பிய உடனே ஒழுக ஆரம்பித்துவிடும். வற்றுவதற்குள் ஒவ்வொன்றிலும் என்ன இருந்தது என்று பார்த்து மறுபடி நிரப்ப வேண்டும். பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் எல்லாக் குடத்தையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிட வேண்டும் என்பது கணக்கு. அதாவது விநாடிக்குப் பதினைந்து சுற்றுக்கு மேல். இதற்கு ரிஃப்ரெஷ் என்று பெயர். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் இந்தத் தண்ணீர் சுமக்கும் வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். அது நின்றால் ரேமில் இருப்பது எல்லாம் போச்சு. சேவ் செய்யாத நேரத்தில் கரண்ட் போனால் நாம் தலையில் கை வைப்பது இதனால்தான்.

இனி ஸ்லீப், ஹைபர்னேட் வித்தியாசத்தைப் பார்க்க ஒரு தையல் கடைக்குப் போகலாம். மத்தியானம் சாப்பிடக் கிளம்புகிற டெய்லர் எதையும் எடுத்து வைப்பதில்லை. ஊசி துணியில் குத்தியபடியே நிற்கிறது, கத்தரித்த துண்டுகள் மேசையில் விரித்தபடி கிடக்கின்றன. மாடோ காற்றோ உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள ஒரு பையனை மட்டும் உட்கார வைத்துவிட்டுப் போகிறார். திரும்பி வந்து பெடலில் கால் வைத்தால், விட்ட தையலிலிருந்து தொடரலாம். இது ஸ்லீப். ராத்திரி கடை அடைக்கும்போது அப்படி விட்டுப்போக முடியாது. எது எதுவரை வந்திருக்கிறது என்று சீட்டு எழுதிக் குத்தி, மடித்து, அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். பையனும் வீட்டுக்குப் போய்விடலாம். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் எடுத்து விரிக்கக் கொஞ்ச நேரமாகும், ஆனால் ஒன்றும் தொலையாது. இது ஹைபர்னேட். தைக்க வந்த துணி அத்தனையையும் முடித்துக் கொடுத்துவிட்டு வெறும் மேசையோடு கடையைப் பூட்டினால் அது ஷட் டவுன்.

அந்தப் பையனுக்குக் கொடுக்கும் சம்பளம்தான் இந்தக் கட்டுரையில் வரப்போகிற மின்சாரம்.

ஸ்லீப்பில் என்ன நடக்கிறது

ஸ்லீப் கொடுத்ததும் இயங்குதளம் ஒவ்வொரு சாதனத்துக்கும் தகவல் சொல்கிறது. வைஃபை, கேமரா, ஆடியோ, எஸ்எஸ்டி எல்லாம் தாங்கள் இருந்த நிலையைக் குறித்துக் கொடுத்துவிட்டு அணைகின்றன. பிராசசர் தன் கையில் வைத்திருந்த கணக்கையும் ரேமில் போட்டுவிட்டு அணைகிறது. காற்றாடி நிற்கிறது. மிஞ்சி நிற்பது ரேம் மட்டும். அப்போது ரேம் சிப்புகள் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்கிற நிலைக்குப் போகின்றன. வெளியிலிருந்து யாரும் சொல்லாமலே தங்கள் குடங்களைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் நிலை அது. இது தவிர பவர் பட்டன், கீபோர்டு, மூடி ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டிருக்கிற சின்னச் சின்ன சர்க்யூட்டுகள் விழித்திருக்கும்.

ஒரு சாதாரண லேப்டாப் சும்மா விழித்திருக்க 5 முதல் 15 வாட் வரை இழுக்கும் என்றால், இப்படித் தூங்கும்போது ஒரு வாட்டுக்கும் கீழே வந்துவிடும். டெஸ்க்டாப்புக்கு இரண்டு மூன்று வாட் ஆகலாம். 50 வாட்-மணி பேட்டரி உள்ள லேப்டாப் அரை வாட் இழுத்துக்கொண்டு தூங்கினால் 100 மணி நேரம், அதாவது நான்கு நாள் தாங்கும். பிரமாதமான ஏற்பாடுதான். எழுவதற்கும் இரண்டு மூன்று விநாடி போதும்.

ஒரே ஒரு பலவீனம் உண்டு. பையன் எழுந்து போனால் கடை காலி. லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் பயமில்லை. பேட்டரி வற்றும் நிலைக்கு வந்தால், பெரும்பாலான லேப்டாப்புகள் தாமாகவே ஹைபர்னேட்டுக்குப் போய்விடும்படி அமைக்கப்பட்டிருக்கும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பை ஸ்லீப்பில் போட்டிருக்கும்போது ஒரு விநாடி கரண்ட் போய் வந்தாலும் திறந்திருந்தது எல்லாம் அழிந்துவிடும். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், இன்றைக்கும் ஸ்லீப் பட்டனைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஹைபர்னேட்: எழுதி வைத்துவிட்டுப் போவது

ஹைபர்னேட்டில் ரேமில் இருப்பது டிஸ்கில் ஒரு ஃபைலாக எழுதப்படுகிறது. விண்டோஸில் அதன் பெயர் ஹைபர்ஃபில்.சிஸ். சி டிரைவில் மறைந்திருக்கும், வழக்கமாக உங்கள் ரேம் அளவில் 40 சதவீதம் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். 16 ஜிபி ரேம் என்றால் ஆறு ஜிபிக்கு மேல். எழுதும்போது சுருக்கி எழுதுவதால் அந்த அளவே போதுமானதாக இருக்கிறது. எழுதி முடித்ததும் கணினி முழுக்க அணைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கலாம், பேட்டரியைக் கூடக் கழற்றலாம், ஒரு மாதம் கழித்து வந்து ஆன் செய்யலாம். கடிதத்தில் கர்சர் நீங்கள் விட்ட வார்த்தைக்குப் பக்கத்திலேயே மினுக்கிக்கொண்டிருக்கும்.

ஒரு காலத்தில் இது பொறுமையைச் சோதிக்கும் வேலையாக இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி எழுதும் என்று வைத்தால், 6 ஜிபி எழுத ஒரு நிமிஷம், திரும்பப் படிக்க இன்னொரு நிமிஷம். அதற்குப் பதில் புதிதாக பூட் செய்துவிடலாமே என்று தோன்றும். இன்றைய எஸ்எஸ்டிகளில் அதே வேலை சில விநாடிகளில் முடிகிறது. ஆனாலும் பழைய கசப்பு போகவில்லை போலிருக்கிறது. விண்டோஸ் இந்த ஹைபர்னேட்டைப் பவர் மெனுவில் காட்டாமலே ஒளித்து வைக்கிறது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் ஹைபர்னேட்டுக்கு டிக் போட்டால்தான் வெளியே வரும். லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவிலும் இது முன்கூட்டியே அமைந்து வருவதில்லை, ரேமில் இருப்பதை எழுதி வைக்க டிஸ்கில் ஸ்வாப் என்ற இடம் ஒதுக்கி நாமாகத்தான் அமைத்துக்கொள்ள வேண்டும். மேக் லேப்டாப்புகள் 2005-லிருந்தே வேறு வழியில் போகின்றன. தூங்கப் போகும்போதே ரேமை டிஸ்கிலும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதான் தூங்கும். பேட்டரி தீர்ந்தால் பிரதி கைகொடுக்கும். விண்டோஸ் விஸ்டா டெஸ்க்டாப்புகளுக்குக் கொண்டுவந்த ஹைப்ரிட் ஸ்லீப்பும் இதே யோசனைதான். மின்வெட்டு ஊர்க்காரர்களுக்குத் தோதான ஏற்பாடு, ஆனால் அப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

தினமும் 6 ஜிபி எழுதினால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடாதா என்று ஒரு பயம் உலவுகிறது. வருஷத்துக்கு 2.2 டெராபைட் ஆகும். 500 ஜிபி கொள்ளளவுள்ள நல்ல எஸ்எஸ்டிகளில் 300 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தருகிற மாடல்கள் இருக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள், லேப்டாப் நம் பேரன் கைக்குப் போயிருக்கும்.

திருட்டுப் பயம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிஸ்கை என்கிரிப்ட் செய்து, சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தாலும், ஸ்லீப்பில் இருக்கும் கணினியின் ரேமில் பூட்டைத் திறக்கும் சாவி விழித்தபடியே இருக்கும். கரண்டை நிறுத்திய பிறகும் குடங்கள் உடனே முழுக்க வற்றுவதில்லை, குளிரூட்டினால் இன்னும் நேரம் தாங்கும். 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தூசி ஊதும் ஸ்ப்ரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ரேமைக் குளிர வைத்து, அந்தச் சாவியை எடுத்துக் காட்டினார்கள். நம் வீட்டுக் கணக்கு வழக்கைத் திருட யாரும் இத்தனை பாடுபடப் போவதில்லை. ஆனால் ஆபீஸ் ரகசியம் உள்ள லேப்டாப்போடு பயணம் போகிறவர்கள் ஹைபர்னேட்டில் போடுவது நல்லது.

ஷட் டவுன் எப்போது பொய்யானது

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் பழகியவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். விண்டோஸ் 95-இல் ஷட் டவுன் கொடுத்தால் கருப்புத் திரையில் ஆரஞ்சு நிற எழுத்தில், இனி நீங்கள் கணினியை அணைக்கலாம் என்று ஒரு வாசகம் வரும். அப்புறம் நாமே கை நீட்டி டொக்கென்று ஸ்விட்சை அணைக்க வேண்டும். அந்த ஸ்விட்ச் நேராக மெயின் கரண்டைத் துண்டிக்கிற ஸ்விட்ச். அணைத்தால் அணைந்ததுதான்.

1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்கிற வடிவமைப்பு இதை மாற்றியது. கேபினெட்டின் முன்னால் இருக்கும் பவர் பட்டன் அதன் பிறகு வெறும் அழைப்பு மணி. அழுத்தினால் மதர்போர்டுக்குச் செய்தி போகும், அது பவர் சப்ளையை எழுப்பும். செய்தி கேட்க ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும் அல்லவா? அதற்காக, கணினி அணைந்திருக்கும்போதும் பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். கேபினெட்டைத் திறந்தால் ஊதா நிற வயர் ஒன்று தெரியும், அதுதான். ஷட் டவுன் செய்த டெஸ்க்டாப்பில் நெட்வொர்க் கேபிள் சொருகும் இடத்தில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சோறு போடுவதும் அந்த ஊதா வயர்தான். 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. விழிப்பு, தூக்கம், அணைப்பு எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தது அதுதான். எஸ்0 விழிப்பு, எஸ்3 ஸ்லீப், எஸ்4 ஹைபர்னேட், எஸ்5 ஷட் டவுன். பிளக்கைப் பிடுங்கிய நிலைக்கு ஜி3 என்று தனிப் பெயர். அதாவது, ஷட் டவுனும் பிளக்கைப் பிடுங்குவதும் ஒன்றில்லை என்று விதி எழுதியவர்களே சொல்லிவிட்டார்கள்.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது இன்னொரு திருப்பம். பூட் ஆகும் நேரத்தைக் குறைக்க ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். இதில் ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்கள் மூடப்படும், நீங்கள் லாக்-ஆஃப் ஆவீர்கள், ஆனால் விண்டோஸின் உள்கருவும், சாதனங்களை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களும் அணையாது. அவை மட்டும் ஹைபர்னேட் ஆகும். மறுநாள் புதிதாகத் தொடங்குவது போலத் தெரிவது, முந்தின நாளின் தொடர்ச்சி. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அப் டைம் என்று ஒரு எண் இருக்கும். தினமும் ராத்திரி ஒழுங்காக ஷட் டவுன் செய்கிறவர் அதைப் பார்த்தால், கணினி பன்னிரண்டு நாளாக ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்லும்.

அதனால்தான் ஏதாவது கோளாறு என்று போன் செய்தால், ரீஸ்டார்ட் கொடுங்கள் என்று சர்வீஸ்காரர் அழுத்திச் சொல்கிறார். ரீஸ்டார்ட் மட்டும் எல்லாவற்றையும் முழுக்க இறக்கி மறுபடி ஏற்றும். ஷட் டவுன் செய்துதான் ஆன் செய்தேன் சார் என்று நாம் சண்டை போடுவோம். இரண்டும் ஒன்று என்று நினைப்பது நம் தப்பில்லை, பெயர் வைத்தவர்கள் தப்பு. லினக்ஸும் விண்டோஸும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுவதே நல்லது. பாதித் தூக்கத்தில் இருக்கும் விண்டோஸின் டிரைவில் லினக்ஸிலிருந்து போய் எழுதினால் ஃபைல்கள் கெட்டுப்போகலாம்.

சாக்லேட் உருகிய கதை

இனி என் பைக்கு வருகிறேன். செல்போன் திரையை அணைத்தாலும் வாட்ஸ்அப் செய்தி வந்துகொண்டே இருக்கிறது, தொட்டதும் விழிக்கிறது. லேப்டாப்பும் அப்படி இருந்தால் என்ன என்று கேட்டதன் விளைவு மாடர்ன் ஸ்டாண்ட்பை. விண்டோஸ் 8-இல் கனெக்டெட் ஸ்டாண்ட்பை என்று தொடங்கி, விண்டோஸ் 10-இல் இந்தப் பெயருக்கு மாறியது. இப்போது விற்கும் பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்புகளில் பழைய எஸ்3 தூக்கம் கிடையாது, இதுதான்.

இதில் கணினி எஸ்0-வை விட்டு வெளியே போவதே இல்லை. அதாவது விதிமுறைப்படி அது விழித்திருக்கிறது. திரையை அணைத்து, பிராசசரை மிக ஆழ்ந்த ஓய்வுக்கு அனுப்பி, அவ்வப்போது எழுந்து மெயில் வந்திருக்கிறதா, அப்டேட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி படுக்கிறது. எல்லாம் சரியாக நடந்தால் அருமைதான், எஸ்3-க்குச் சமமாகவே கரண்ட் செலவாகும். ஆனால் ஒரே ஒரு டிரைவரோ புரோகிராமோ முரண்டு பிடித்தாலும் மொத்த வீடும் விழித்துக்கொள்ளும். பழைய எஸ்3-இல் பிராசசருக்குக் கரண்டே இல்லை என்பதால் எந்தப் புரோகிராமும் ஆட முடியாது. இதில் ஆடலாம். காற்றோட்டமில்லாத பைக்குள் ஆடினால் சூடு வெளியேற வழியில்லை. அன்றைக்கு ராத்திரி என் பைக்குள் எந்தப் புரோகிராம் கூத்து நடத்தியது என்று தெரியவில்லை. காலையில் அப்டேட் முடிந்துவிட்டதாக ஒரு அறிவிப்பு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

அதிலிருந்து ஒரு மாற்றம் செய்து வைத்திருக்கிறேன். அதே பவர் ஆப்ஷன்ஸ் பக்கத்தில், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் ஸ்லீப்பை எடுத்துவிட்டு ஹைபர்னேட் வைத்தேன். திறக்கும்போது பத்துப் பன்னிரண்டு விநாடி காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கிறேன்.

மூடியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வேடிக்கை. மூடி மூடியதைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெரும்பாலான மாடல்களில் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் காந்தம், கீழே கீபோர்டுப் பக்கத்தில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார். காந்தம் நெருங்கினால் மூடியாயிற்று என்று பொருள். எங்கள் ஆபீஸில் ஒரு அக்காவின் லேப்டாப் தட்டச்சு செய்யும்போது அடிக்கடி தானாகத் தூங்கிவிடும். சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கியும் சரியாகவில்லை. கடைசியில் பார்த்தால், அவர் கைக்கடிகாரத்தின் பட்டையில் காந்தக் கொக்கி. இடது கை அந்த மூலைக்குப் போகும்போதெல்லாம் லேப்டாப் கண்ணை மூடிக்கொண்டது.

ஒரு வாட் எவ்வளவு

அடிக்கடி ஆன் செய்து ஆஃப் செய்தால் கரண்ட் அதிகமாகும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு டெஸ்க்டாப் பூட் ஆக 30 விநாடி, அப்போது 60 வாட் இழுக்கிறது என்றால் செலவு அரை வாட்-மணி. அதே டெஸ்க்டாப் 40 வாட்டில் சும்மா விழித்திருந்தால் அந்த அரை வாட்-மணியை முக்கால் நிமிஷத்தில் தின்றுவிடும். ஸ்கிரீன் சேவர் ஓட விடுவதும் மிச்சம் கிடையாது. பழைய பெட்டி மானிட்டரில் ஒரே படம் நின்று தழும்பு விழாமல் இருக்கத்தான் அது வந்தது. மீன் நீந்தினாலும் திரை எரிந்துகொண்டுதானே இருக்கிறது.

அணைத்த பிறகும் ஓடுகிற மின்சாரத்துக்கு ஸ்டாண்ட்பை பவர் என்று பெயர். கணக்கு எளிது. ஒரு வாட் இழுக்கும் பொருள் வருஷம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட். தமிழ்நாட்டில் நமக்கு ரீடிங் எடுக்கும் இரண்டு மாதக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை யூனிட். ஒரு பொருளுக்கு இது ஒன்றுமே இல்லைதான். ஒரு வீட்டில் எத்தனை பொருள், ஒரு நாட்டில் எத்தனை வீடு என்று பெருக்கிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மையர். எந்தச் சாதனமும் ஸ்டாண்ட்பையில் ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற அவருடைய யோசனையை 1999-இல் சர்வதேச எரிசக்தி முகமை எடுத்துக்கொண்டது. 2001-இல் அமெரிக்க அதிபர் புஷ், அரசு அலுவலகங்கள் வாங்கும் கருவிகள் அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று ஆணை போட்டார். ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் அதைச் சட்டமாக அமலுக்குக் கொண்டுவந்து, 2013-இல் அரை வாட்டாகக் குறைத்தது. ஐரோப்பாவில் விற்பதற்காக மாற்றிய அதே பவர் சப்ளைகள்தான் நம் ஊர்க் கடைகளுக்கும் வருகின்றன. பழைய ரேடியோ அடாப்டர் கையில் கனக்கும், ரேடியோவைச் சொருகாவிட்டாலும் வெதுவெதுப்பாக இருக்கும், நினைவிருக்கிறதா? உள்ளே இரும்பில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர். இன்றைய போன் சார்ஜர் சும்மா சொருகிக் கிடந்தால் சில்லென்றுதான் இருக்கும். அதை ஓடி ஓடிப் பிடுங்குவதால் பில்லில் பெரிதாக எதுவும் குறையாது. நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்தால் பச்சை விளக்கு சிவப்பாகும், பல மாடல்களில் வேறொன்றும் மாறாது. உள்ளே வேலை அப்படியே நடந்துகொண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடித்தது அப்பா. ராத்திரி பதினொரு மணிக்கு வாசல் கதவைப் பூட்டப் போனவர் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். "எல்லாத்தையும் அணைச்சாச்சுல்லா? அப்புறம் இது எதுக்குலே கண்ணைச் சிமிட்டுது?"

மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுக்கும். பக்கத்திலேயே ஒரு எண் இருக்கும். எங்கள் மீட்டரில் 3200. அதாவது 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட். அப்படியானால் 1125-ஐ இரண்டு சிமிட்டலுக்கு இடையே உள்ள விநாடிகளால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று கிடைத்துவிடும். உங்கள் மீட்டரில் எண் வேறாக இருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து வருவதை 1125-க்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். மிகச் சிறிய இழுவையை மீட்டர் கண்டுகொள்ளாமலும் விடலாம், ஆனால் வீட்டுக் கணக்குக்கு இது போதும்.

ஃபேன் எல்லாம் அணைத்து, ஃபிரிட்ஜையும் கொஞ்ச நேரம் பிடுங்கிவிட்டு, அப்பா கடிகாரத்தோடு நின்றார். சிமிட்டலுக்குச் சிமிட்டல் 45 விநாடி. 25 வாட். யாருமே எதையும் உபயோகிக்காத வீட்டில், இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். அரசு தருகிற இலவச 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஹாலில் டிவி, செட்டாப் பாக்ஸ் இரண்டுக்கும் பொதுவான ஸ்விட்சை அணைத்தேன். 70 விநாடி, 16 வாட். அப்புறம் ஷட் டவுன் செய்து வைத்திருந்த என் பழைய டெஸ்க்டாப்பின் ஸ்பைக் பஸ்டரை அணைத்தேன். மானிட்டர், ஸ்பீக்கர், அந்த ஊதா வயர், எல்லாம் சேர்த்து 5 வாட் போயிற்று. 102 விநாடி.

மீதி 11 வாட் வைஃபை மோடமும் இன்வெர்ட்டரும். மோடத்தைப் பிடுங்கலாமா என்று கேட்டேன். அப்பா யோசித்துவிட்டு, "அது கிடக்கட்டும், காலம்பற யூடியூப் பாக்கணும்" என்று சொல்லிக் கதவைப் பூட்டினார்.